நோவில்லாத் தொற்று: கர்ப்பிணியின் சிறுநீரில் கிருமியைத் தேட வேண்டுமா?

எரிச்சல் இல்லை, கடுப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. இப்படி எந்தத் தொந்தரவும் சொல்லாத கர்ப்பிணியின் சிறுநீரைச் சோதித்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டுமா? எழுபது ஆண்டுகளாக மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில். ஒரே காலத்தில் நாட்டுக்கொரு பதில்.

நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் பத்துப் பேருக்கு இந்த அறிகுறியற்ற தொற்று இருக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இந்திய மருத்துவமனைகளிலிருந்து வரும் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பத்தைத் தாண்டிச் சொல்பவையும் உண்டு. யாரைச் சோதித்தார்கள், மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்குகிறது. கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினால் மேலை நாட்டு விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் தெரிய வரும். அங்கே சண்டை மருந்தைப் பற்றியது. இங்கே சிக்கல் அதற்கு முன்பே, சோதனையில் தொடங்கிவிடுகிறது.

ஒரு லட்சம் என்ற எல்லைக்கோடு

சிறுநீரில் நுண்ணுயிர் இருப்பதை 1881லேயே இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ராபர்ட்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘தொற்றியிருக்கிறது’ என்பதற்கும் இடையே கோடு போட்டவர் பாஸ்டன் நகர மருத்துவமனையின் எட்வர்ட் காஸ். 1950களின் நடுவில் அவர் சொன்னது இது: ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரே வகைக் கிருமி ஒரு லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் அது தொற்று, அதற்குக் கீழே இருந்தால் மாதிரி எடுக்கும்போது தோலிலிருந்து கலந்ததாக இருக்கலாம். ஒருமுறை மட்டும் சோதித்தால் இந்த முடிவு 80 விழுக்காடு நம்பத்தக்கது, அடுத்தடுத்து இருமுறை சோதித்து அதே கிருமி வந்தால் 95 விழுக்காடு என்றும் அவர் கணக்கிட்டார்.

ஆய்வகத்தில் இந்த லட்சத்தை யாரும் எண்ணுவதில்லை. 0.001 மில்லிலிட்டர் மட்டும் அள்ளும் ஒரு கம்பி வளையத்தைச் சிறுநீரில் தோய்த்து, ஊட்டக்கூழ் தட்டில் இழுத்து, 37 டிகிரியில் ஓரிரவு வைப்பார்கள். மறுநாள் தட்டில் நூறு புள்ளிகள் முளைத்திருந்தால் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்று பொருள். மக்கான்கி தட்டில் அந்தப் புள்ளிகள் இளஞ்சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஈ.கோலி என்ற குடல் கிருமி. இதைத்தான் ‘யூரின் கல்ச்சர்’ என்கிறோம்.

எல்லைக்கோடு வசதியானது, புனிதமானது அல்ல. காஸ் அதை வகுத்தபோது அவர் கண்முன் இருந்தவர்களில் சிறுநீரகத் தொற்றோடு வந்த நோயாளிகளும் உண்டு. அந்த எண்ணை நோவே இல்லாத கர்ப்பிணிக்கு அப்படியே பொருத்தலாமா என்ற ஐயம் அன்று முதலே இருக்கிறது.

தேடு, கொடு என்ற தரப்பு

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை அவற்றை அழுத்துகிறது. வலப்புறக் குழாய்க்கு அழுத்தம் அதிகம். சிறுநீர் தேங்குகிறது, அதில் சற்றே சர்க்கரையும் சேர்கிறது. மற்றக் காலத்தில் சிறுநீர்ப்பையிலேயே அடங்கிக் கிடக்கும் கிருமி, இந்தச் சூழலில் மேலேறிச் சிறுநீரகத்தை அடையலாம். அடைந்துவிட்டால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் குத்தல், ஓயாத வாந்தி. சிலருக்கு ரத்தத்திலும் பரவும்.

சிகிச்சை பெறாத பெண்களில் 20 முதல் 40 விழுக்காட்டினர் வரை இந்தக் கட்டத்துக்குப் போனதாகக் காஸும் அவர் காலத்து ஆய்வாளர்களும் பதிவு செய்தார்கள். சல்ஃபா மருந்து கொடுத்தபோது அது பெரிதும் குறைந்தது. நோவு வருவதற்கு முன்பே தடுக்கக்கூடிய நோய் என்ற கருத்து வேர்விட்டது இங்கேதான். குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும்கூட இதனால் தடுக்கப்படும் என்று காஸ் நம்பினார்.

இரண்டாவது நம்பிக்கைக்கு விரைவிலேயே எதிர்ப்பு வந்தது. மெல்போர்னில் சிறுநீரக மருத்துவர் பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித், 1965இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், இப்பெண்களில் கணிசமானோருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு மறைந்திருப்பதைக் காட்டினார். குழந்தையின் எடை குறைவதற்குக் கிருமி காரணமா, கிருமியும் எடைக்குறைவும் ஒரே பழுதான சிறுநீரகத்தின் இரு விளைவுகளா? இந்தக் கேள்வி இன்றும் முழுதாகத் தீரவில்லை. 1989இல் ரொமேரோ குழுவினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துத் தொடர்பு உண்டென்றார்கள். தொடர்பு இருப்பதும் காரணமாக இருப்பதும் ஒன்றல்ல.

ஆய்வுகளையெல்லாம் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2019 மதிப்பாய்வு, 15 ஆய்வுகளையும் இரண்டாயிரத்துச் சொச்சம் பெண்களையும் கணக்கில் எடுத்தது. மருந்து பெற்றவர்களுக்குச் சிறுநீரகத் தொற்று ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கேட்கப் பெரிய வெற்றிதான். ஆனால் அந்த மதிப்பாய்வே சான்றின் உறுதியைக் ‘குறைவு’ என்று தரப்படுத்துகிறது. ஆய்வுகளில் பெரும்பாலானவை 1960, 70களில் நடந்தவை. அக்கால முறைப்படி யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படாமல் நடந்தவையும் உண்டு. சிலவற்றில் கொடுத்த மருந்து டெட்ராசைக்ளின். இன்று எந்த மருத்துவரும் கர்ப்பிணிக்கு அதை எழுதமாட்டார். குறைப்பிரசவம் பற்றிய முடிவோ மூன்றே ஆய்வுகளில், 327 பெண்களை வைத்து எட்டப்பட்டது. இத்தனை கோடிப் பிரசவங்களுக்கு வழிகாட்ட அது மெலிந்த அடித்தளம்.

நெதர்லாந்து எழுப்பிய ஐயம்

2015இல் லான்செட் தொற்றுநோய் இதழில் கசேமியர் குழுவினரின் ஆய்வு வந்தது. நெதர்லாந்தில் சிக்கலற்ற ஒற்றைக் கர்ப்பம் உள்ள 4,283 பெண்களைச் சோதித்ததில் 248 பேருக்குக் கிருமி இருந்தது. அவர்களில் மருந்து பெறாத 208 பேரில் சிறுநீரகத் தொற்று வந்தது ஐந்தே பேருக்கு, அதாவது 2.4 விழுக்காடு. கிருமி இல்லாதவர்களில் அது 0.6 விழுக்காடு. 34 வாரத்துக்கு முன்னான பிரசவத்தில் சொல்லும்படியான வேறுபாடு தென்படவில்லை.

ஆபத்து நான்கு மடங்கு என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு மடங்கும் மிகச் சிறிய எண். 1960களில் 20, 40 என்று பேசப்பட்டது இங்கே 2.4 ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்து ஒரு சிலரைத்தான் காக்கிறோம் என்றால், மருந்தின் கேட்டையும் தராசில் வைத்துத்தானே ஆக வேண்டும்? கர்ப்பத்தில் ஆன்டிபயாடிக் கேடற்றது என்ற எண்ணத்தை ஏற்கெனவே ஓர் ஆய்வு அசைத்திருந்தது. பிரிட்டனின் ஆரக்கிள் ஆய்வில், தொற்று அடையாளம் எதுவுமின்றிப் பிரசவ வலி முன்கூட்டியே வந்த பெண்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அவர்களின் குழந்தைகளை ஏழு வயதில் பார்த்தபோது மூளைவாதம் சற்றுக் கூடியிருந்தது. அது வேறு சூழல், வேறு மருந்துகள். இருந்தாலும் ‘கொடுத்து வைப்போமே, என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற மனப்போக்குக்கு அது ஒரு கடிவாளம்.

நெதர்லாந்து ஆய்வின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். குலுக்கல் முறையில் மருந்தோ போலி மருந்தோ பெறச் சம்மதித்தவர்கள் 85 பேர் மட்டுமே. சர்க்கரை நோய் முதலிய சிக்கல் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. இரட்டைக் கர்ப்பமும் இல்லை. நல்ல ஊட்டமும், கூப்பிடு தூரத்தில் மருத்துவச்சியும் உள்ள நாட்டுப் பெண்கள் அவர்கள். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனை சேரக்கூடியவர்களின் கணக்கை, காய்ச்சலுக்கு இரண்டு நாள் மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

இதன் பிறகு வழிகாட்டல்கள் பிரிந்தன. உலக சுகாதார அமைப்பு 2016இல், அறிகுறியற்ற தொற்று உறுதியானால் ஏழு நாள் மருந்து என்றது. கனடாவின் நிபுணர் குழு 2018இல் கர்ப்பத் தொடக்கத்தில் ஒருமுறை கல்ச்சர் செய்யலாம் என்று சொன்னது. பரிந்துரை ‘வலுக் குறைந்தது’ என்ற அடைமொழியோடு. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2019இல் பரிந்துரையை விலக்கவில்லை, தரத்தை மட்டும் ஏ-யிலிருந்து பி-க்கு இறக்கியது. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைக் குழு, எல்லாக் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனை என்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே சான்றுக் குவியல், நான்கு தீர்ப்புகள்.

இடையில் இன்னொரு திசையிலிருந்தும் அடி விழுந்தது. 2012 முதல் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், நலமான பெண்களின் சிறுநீர்ப்பையிலும் நுண்ணுயிர்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதைக் காட்டின. ‘ஆரோக்கியமான சிறுநீர் கிருமியற்றது’ என்ற பாடப்புத்தக வாக்கியம் போய்விட்டது. ஆகவே ‘கிருமி இருந்தால் தொற்று’ என்ற சமன்பாடும் ஆட்டம் கண்டிருக்கிறது. கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இதன் நடைமுறை விளைவு என்ன என்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

‘சூடு’ சொல்லும் பதில்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் சிறுநீர்த் தொந்தரவுக்கு நெடுங்காலமாக ஒரு விளக்கம் உண்டு: உடம்புச் சூடு. நீர்க்கடுப்பு கண்டால் இளநீர், மோர், வெந்தயம், பார்லிக் கஞ்சி. சித்த மருத்துவரிடம் போனால் நெருஞ்சில், நீர்முள்ளி. வெயிலில் முந்திரிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்து, மறைவிடம் இல்லாததால் நாள் முழுக்க நீரை அடக்கி, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு ‘நிறைய நீர் குடி’ என்பது நல்ல யோசனைதான். அதை ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் இந்த விளக்கம் முழுக்க முழுக்க நோவின் மேல் நிற்பது. கடுப்பே இல்லாத தொற்று என்ற ஒன்றுக்கு அதில் இடமே கிடையாது. இளநீரால் லட்சம் கிருமி ஆயிரமாகும் என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை.

மாதிரி போகும் தூரம்

இனி இந்த மாவட்டத்துக்கே உரிய பகுதி. தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி என்ற அரசுப் பதிவு எண் வாங்கித் தருகிறார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்காகப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவது பழக்கமாகிவிட்டது. கல்ச்சர் செய்ய உகந்த காலமும் 12 முதல் 16 வாரம்தான். ஆகத் தாய்மார் சரியான நேரத்தில் வந்துவிடுகிறார்கள்.

வந்தவரிடம் ஒவ்வொரு முறையும் சிறுநீர் வாங்கப்படுகிறது. பார்ப்பது அல்புமினும் சர்க்கரையும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலானவற்றில் கல்ச்சர் வசதி கிடையாது. அதற்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரத்துக்கோ போக வேண்டும். 1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில். காட்டுமன்னார்கோவிலிலிருந்து அங்கே சுமார் 25 கிலோமீட்டர். திட்டக்குடி, வேப்பூர் பக்கத்துக்காரருக்கு அதைவிடப் பன்மடங்கு தொலைவு.

தூரம் ஏன் முக்கியம்? புட்டியில் பிடித்த சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் தட்டில் ஏற வேண்டும். இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள், அல்லது போரிக் அமிலம் சேர்த்த குழாயில். சித்திரை வெயிலில் மேசைமேல் கிடந்தால் கிருமி பெருகும். அரை மணிக்கொரு முறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால் மூன்றரை மணி நேரத்தில் ஏழு இரட்டிப்பு, 128 மடங்கு. தோலிலிருந்து கலந்த ஆயிரம் கிருமி ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் ஆகிவிடும். காஸின் எல்லைக்கோட்டை அந்தப் பெண் கடக்கவில்லை, புட்டி கடந்துவிட்டது. அவருக்குத் தேவையில்லாத மருந்து ஏழு நாள்.

பிடிக்கும் முறையும் அப்படித்தான். முன்னிருந்து பின்னாகக் கழுவி, முதலில் வரும் நீரை விட்டு, நடுவில் வருவதைப் புட்டியின் உள்விளிம்பு உடம்பில் படாமல் பிடிக்க வேண்டும். ஆறாம் மாத வயிற்றோடு, தாழ்ப்பாள் சரியில்லாத கழிவறையில், வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது இதைச் செய்வது லேசல்ல. யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பலவகைக் கிருமி கலந்த மாதிரிதான் வரும்.

கல்ச்சர் எட்டாத இடத்தில், சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்கிறது. கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றினால் அதன் ஒரு கட்டம் நிறம் மாறும். 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, நைட்ரைட் கட்டம் மட்டும் பார்த்தால் தொற்றுள்ள நூறு பேரில் 55 பேரைத்தான் பிடிக்கும். ஆனால் அது நிறம் மாறினால் பெரும்பாலும் தவறாகாது. வெள்ளணுக் கட்டத்தையும் சேர்த்தால் 73 பேர் சிக்குவார்கள், கூடவே தொற்றில்லாத நூற்றில் 11 பேர் வீணாக மாட்டுவார்கள். நீர் பையில் நாலு மணி நேரமாவது தங்கியிருக்காவிட்டால் நைட்ரைட் உருவாகவே நேரமில்லை. கர்ப்பிணியோ மணிக்கொருமுறை கழிவறைக்குப் போகிறவர். என்டிரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டே உண்டாக்குவதில்லை.

நடைமுறையில் இதைவிட அதிகம் நடப்பது வேறு. தனியார் லேபில் கொடுத்த சிறுநீர்ச் சீட்டில், வெள்ளணுக்களைக் குறிக்கும் ‘பஸ் செல் 8–10’ என்றிருக்கும். ‘யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கும்மா’ என்று ஐந்து நாள் மாத்திரை எழுதப்படும். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் கூடுவது இயல்பு; அதிலிருந்து கலந்த பஸ் செல்லும் கணக்கில் வரும். பஸ் செல் இருந்தும் கிருமி இல்லாதவர் உண்டு. லட்சம் கிருமி இருந்தும் பஸ் செல் இல்லாதவரும் உண்டு. மேலை நாட்டு விவாதத்தின் எந்தத் தரப்பும் ஆதரிக்காத வழக்கம் இது. தேட வேண்டாம் என்பவர் மருந்தை மிச்சப்படுத்துகிறார். தேடு என்பவர் கல்ச்சர் கேட்கிறார். இங்கே தேடலும் அரைகுறை, மருந்தோ முழுசு.

உலக சுகாதார அமைப்பு ஒரு நடுவழியைச் சொல்லியிருக்கிறது: கல்ச்சர் இல்லாத இடத்தில் ஸ்ட்ரிப்பைவிடக் கிராம் சாயச் சோதனை மேல். சுழற்றாத சிறுநீர் ஒரு துளியைச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் எண்ணெய் வில்லையில் ஒரு பார்வைக்கு ஒரு கிருமியாவது தெரிந்தால் அது ஏறத்தாழ லட்சத்துக்குச் சமம். அதே தொகுப்பாய்வில் இது நூற்றில் 86 பேரைப் பிடித்தது, தவறாக மாட்டியது மூன்று பேரை. சளியில் காசநோய்க் கிருமியும் ரத்தத்தில் மலேரியாவும் பார்த்துப் பழகிய நுண்ணோக்கி நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உண்டு. ஒரே மருத்துவமனை நாளில் நாற்பது கர்ப்பிணிகள் வந்தால் ஒற்றை லேப் டெக்னீஷியன் நாற்பது கண்ணாடித் தகடுகளைப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. காகிதத்தில் நல்ல யோசனை. ஆளைக் கூட்டாமல் நடக்காது.

ஒப்பிட ஒன்று உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரையும் நோவில்லாத நோய்தான். அதை எல்லாக் கர்ப்பிணியிடமும் தேடும் முறையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா வலியுறுத்திய ஒரே குளுக்கோஸ் சோதனையால் அது சாத்தியமானது. வெறும் வயிறு வேண்டாம், மறுநாள் வர வேண்டாம். சிறுநீர்த் தொற்றுக்கு அத்தனை எளிய சோதனை இன்னும் வரவில்லை.

எந்த மருந்து?

தேடு என்ற தரப்பு 1960களில் வென்றபோது மருந்துகள் வேலை செய்தன. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமரசாமியும் சக ஆய்வாளர்களும் மருந்துகளை முறியடிக்கும் என்.டி.எம்-1 நொதி கொண்ட கிருமிகள் பரவியிருப்பதை வெளியிட்டார்கள், ஈ.கோலியும் கிளெப்சியெல்லாவும் அதில் முக்கியமானவை. 2012இல் மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்தக் கோரும் சென்னைப் பிரகடனம் வந்தது. அமாக்சிசிலினைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் காலம் முடிந்துவிட்டது. நைட்ரோஃபுரான்டோயின் ஈ.கோலிக்கு எதிராக இன்னும் பெரிதும் நிற்கிறது, கிளெப்சியெல்லாவிடம் அவ்வளவாக இல்லை. பிரசவம் நெருங்கும்போது அதைத் தவிர்க்க வேண்டும், ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆகாது. செஃபலெக்சின், ஒரே வேளை ஃபாஸ்ஃபோமைசின் என்று வேறு வழிகள் உண்டு. எதைத் தேர்வது என்பதைச் சொல்ல வேண்டியது கல்ச்சர் முடிவோடு வரும் மருந்துணர்வுப் பட்டியல். கல்ச்சர் இல்லையென்றால் பட்டியலும் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறுநீரில் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்தால் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் மருத்துவர் அதைக் குறித்து வைப்பார். பிரசவ நேரத்தில் குழந்தையைக் காக்க மருந்து தேவைப்படும்.

தீராதவை

சிறுநீரகத் தொற்றை மருந்து குறைக்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. குறைப்பிரசவத்தைத் தடுக்கிறதா என்பது திறந்தே கிடக்கிறது. இரத்தசோகையும் சர்க்கரையும் மிகுந்த நம் பெண்களில் ஆபத்து நெதர்லாந்தின் 2.4-க்கு அருகிலா, காஸின் 20-க்கு அருகிலா? இதற்கு இந்திய மண்ணில் பெரிய, குலுக்கல் முறை ஆய்வு வேண்டும். கிருமி கண்டவருக்கு மருந்து தராமல் விடுவது இங்கே அறமாகுமா என்ற தயக்கம் அத்தகைய ஆய்வுக்கு முட்டுக்கட்டை. ஏழு நாள் மருந்து தேவையா, மூன்று நாள் போதுமா என்பதிலும் முடிவான பதில் இல்லை.

இன்றைய சான்றை வைத்துப் பார்த்தால், கடலூர் மாவட்டத்துக்கு இந்த அளவு சொல்லலாம். சர்க்கரை உள்ளவர், முன்பு சிறுநீர்த் தொற்றோ கல்லோ வந்தவர், இரட்டைக் கர்ப்பம் உள்ளவர் ஆகியோருக்குப் பதிவின்போதே ஒரு கல்ச்சர் செய்வதற்கான நியாயம் வலுவானது. எல்லோருக்கும் செய்வது, குளிர்பெட்டியில் மாதிரி அன்றே சிதம்பரமோ கடலூரோ போய்ச் சேரும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே பொருளுள்ளது. பஸ் செல்லை மட்டும் பார்த்து, எந்த நோவும் இல்லாத கர்ப்பிணிக்கு மாத்திரை எழுதுவதற்கு எழுபது ஆண்டுச் சான்றில் எங்கும் ஆதரவு இல்லை. அப்படி ஒரு சீட்டு கைக்கு வந்தால், மாத்திரை தொடங்கும் முன் கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். குளிர்நடுக்கமும் விலாவலியும் வந்துவிட்டால் கேள்விக்கு நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.